வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் முடித்து நெல்லைக்குத் திரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து பரிமாற்றத் திட்டத்தில் ஒரே ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர்களுக்காக இந்தப் பக்கம். போவதற்கு வழி சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். திரும்புவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, டிக்கெட் போட்டால் வந்துவிடலாம் என்று நினைப்பு. நான் இருந்தது ஜெர்மனியில், அதனால் அந்த நாட்டு விவரம்தான் இதில் அதிகம். தம்பி தங்கைகள் போன் போட்டுக் கேட்கிற கேள்விகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: அங்கே அரை மணி நேரத்தில் முடிகிற வேலையைப் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து மின்னஞ்சலில் செய்தால் ரெண்டு மாசம் இழுக்கும். ஆகவே பெட்டியைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் காகிதத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

எத்தனை நாள் முன்னாலிருந்து கிளம்புகிற வேலையைத் தொடங்க வேண்டும்?

ரெண்டு மாசம். சிரிக்காதீர்கள், அங்கே எல்லா ஒப்பந்தத்துக்கும் முன்னறிவிப்புக் காலம் உண்டு. "நாளைக்குக் காலி பண்ணுதேன் அண்ணாச்சி" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு வருகிற கதை நடக்காது. அறை ஒப்பந்தத்தில் முடியும் தேதி போட்டிருக்கிறதா, இல்லை நாம் எழுதிக் கொடுத்தால்தான் முடியுமா என்று முதலில் பாருங்கள். ரெண்டாவது வகை என்றால், நீங்கள் ஊரில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாசத்துக்கும் வாடகை போகும்.

நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸில் போக உதவும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டை மாதச் சந்தாவாக எடுத்திருந்தால், கடைசி மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். 11-ஆம் தேதி நினைவு வந்தால் அடுத்த மாதப் பணமும் போச்சு. ஜிம் இன்னும் மோசம். "வீடு மாறுகிறேன், அதனால் விடுங்கள்" என்பது ஜிம் ஒப்பந்தத்தைப் பாதியில் முறிக்கக் காரணம் ஆகாது என்று ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றமே 2016-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆறு மாதத்துக்குப் போகிறவர் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் இருப்பதுதான் வழி. மொபைலுக்கு ப்ரீபெய்டு சிம் வைத்திருந்தால் தலைவலி இல்லை.

அங்கே பிப்ரவரியில்தான் பரீட்சை. இங்கே ஜனவரியிலேயே வகுப்பு தொடங்கிவிடுகிறதே?

இதுதான் நம் பிள்ளைகளுக்கு உண்மையான சிக்கல். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் காகிதப்படி அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் பிப்ரவரி நடுவில் முடியும், பரீட்சைகள் பிப்ரவரியில் தொடங்கி மார்ச் வரை சிதறிக் கிடக்கும். நம் கல்லூரியில் இரட்டைப்படை செமஸ்டர் அதற்குள் பாதி ஓடியிருக்கும். 75 சதவீத வருகைப்பதிவு என்ற கத்தி வேறு தலைக்கு மேல் தொங்கும்.

மூன்று விஷயம் செய்யலாம். அங்கே வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் பேராசிரியரைப் பார்த்து, பரிமாற்ற மாணவர் என்று சொல்லி, பரீட்சையை முன்கூட்டி வாய்மொழியாகவோ ஒரு கட்டுரையாகவோ முடிக்க முடியுமா என்று கேளுங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள். ஜனவரி கடைசியில் போய்க் கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்து, கிளம்பும் முன்பே நம் துறைத் தலைவரிடம் எந்தத் தேதிவரை வெளிநாட்டில் இருப்பீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்க வேண்டும். வாய்மொழியாக "போயிட்டு வாப்பா, பாத்துக்கலாம்" என்று சொன்னவர் நீங்கள் திரும்பும்போது வேறு பொறுப்புக்குப் போயிருப்பார். மூன்றாவது, தேர்ந்தெடுக்கிற உரிமை இருந்தால் கோடைகால செமஸ்டரையும் யோசியுங்கள். ஏப்ரலில் வகுப்பு தொடங்கி ஜூலையில் முடியும். இங்கே ஜனவரியில் தொடங்குகிற செமஸ்டர் அடிபடும், ஆனால் அடுத்த கல்வியாண்டுக்கு ஏறக்குறைய முதலிலேயே வந்துவிடலாம். குற்றாலச் சாரலும் மிச்சம் இருக்கும்.

அறையை எப்படி ஒப்படைப்பது? அட்வான்ஸ் முழுசாக வருமா?

வரும், சமையல் கறையைப் போக்கினால்.

ஜெர்மனியில் வீட்டுக்காரர் வாங்கக்கூடிய அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை. மாணவர் விடுதியில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். ஒப்படைக்கும் நாளன்று விடுதிப் பராமரிப்பாளர் ஒருவர் படிவத்தோடு வருவார். ஹவுஸ்மைஸ்டர் என்பார்கள். நீங்கள் குடிபுகுந்தபோது எழுதிய படிவத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஜன்னல் திறந்து மூடுகிறதா, மெத்தையில் கறையா, சுவரில் ஆணி அடித்த ஓட்டையா, சாவி எத்தனை கொடுத்தோம், எத்தனை திரும்பி வந்தது. பேச்சு குறைவு, கோபமும் கிடையாது. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு வரி எழுதுவார். அந்த ஒரு வரிக்குத்தான் பணம் போகும்.

நம்மவர்கள் மாட்டுகிற இடம் அடுப்பங்கரை. அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் செமஸ்டர் முழுக்கத் தாளித்த கடுகு உட்கார்ந்திருக்கும். அடுப்பை முன்னால் இழுத்துப் பெருக்குங்கள். அடுப்புத் தட்டைச் சுற்றிப் பொங்கி வழிந்த பருப்புத் தண்ணீர் கருகி வளையமாக ஒட்டியிருக்கும், அதைச் சுரண்டுவதற்கென்றே பிளேடு வைத்த கருவி கடையில் கிடைக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி மஞ்சள். சமையல் மேடையின் வெள்ளைப் பலகையில் சாம்பார் சிந்திய இடம் சோப்புக்கு அசையாது. மஞ்சள் கறை வெயில் பட்டால்தான் வெளுக்கும், ஆனால் பிப்ரவரி மாத ஜெர்மனியில் வெயிலுக்கு எங்கே போவது? அதனால் செப்டம்பரிலேயே அடுப்புப் பக்கத்தில் ஒரு பழைய தட்டையோ பிளாஸ்டிக் விரிப்பையோ போட்டுச் சமைப்பது புத்திசாலித்தனம்.

குளியலறைக் கண்ணாடியிலும் குழாயிலும் வெள்ளையாகப் படிந்திருப்பது சுண்ணாம்பு. திசையன்விளை, ராதாபுரம் பக்கம் போர்த் தண்ணீர் பிடிக்கிற வாளியில் படியுமே, அதே சங்கதிதான். தேய்த்தால் போகாது. வினிகர் சாறோ சிட்ரிக் அமிலப் பொடியோ கரைத்துத் துணியில் நனைத்து ஒட்டவைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் துடையுங்கள். பிரிட்ஜை முந்தின நாள் இரவே அணைத்து, கதவைத் திறந்து, கீழே துண்டு போட்டு வையுங்கள். காலையில் ஆள் வரும்போது உள்ளே ஐஸ் இருந்தால் அதற்கும் ஒரு வரி.

கையெழுத்துப் போடும் முன் படிவத்தை முழுக்கப் படியுங்கள். மொழி புரியவில்லை என்றால் பக்கத்து அறைக்காரரைக் கூட்டிக்கொள்ளுங்கள். நாலு மூலையும் தெரிகிறமாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். சாவி தொலைந்தால் பூட்டையே மாற்றி அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டுவார்கள், அது அட்வான்ஸில் பாதியைத் தின்னும்.

பணம் அன்றைக்கே கையில் வராது. வாரக்கணக்கில், தனியார் வீடு என்றால் மாதக்கணக்கிலும் ஆகலாம். தண்ணீர், வெப்பமூட்டும் செலவுக் கணக்கு முடியட்டும் என்று ஒரு பகுதியை வீட்டுக்காரர் பிடித்து வைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

ஊர் அலுவலகத்தில் பெயரை நீக்கச் சொல்கிறார்களே, அவசியமா? எப்படியும் நாட்டைவிட்டே வருகிறோம்.

அவசியம். வந்ததும் முகவரியைப் பதிந்தீர்கள் அல்லவா, அதை நீக்குவதற்கு ஆப்மெல்டுங் என்று பெயர். வீட்டைக் காலி செய்யும் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலிருந்து, காலி செய்த ரெண்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். முடித்ததும் ஒரு தாள் தருவார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத அந்தத் தாளில்தான் பாதி வேலை அடங்கியிருக்கிறது. மருத்துவக் காப்பீட்டை நிறுத்த அதைக் கேட்பார்கள். வங்கி கேட்கும். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ உங்கள் பெயரில் வந்துகொண்டிருந்தால், அதை நிறுத்தவும் இதுதான் வேண்டும். டிவியே இல்லை என்பதெல்லாம் அங்கே காரணம் கிடையாது, வீட்டுக்கு இத்தனை என்று கணக்கு. நீக்காமல் ஊருக்கு வந்தால் கட்டணமும் நினைவூட்டல் கடிதமும் ஏறிக்கொண்டே போகும். கடிதம் போய்ச் சேருவது பழைய முகவரிக்கு.

பல்கலைக்கழகத்திலும் இதேபோல் பெயர் நீக்கம் உண்டு. அது முடிந்த கொஞ்ச நாளில் பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கும் மூடிவிடும். பேராசிரியர்களோடு எழுதிய கடிதங்கள், பாடத்திட்டக் கோப்புகள், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் அதற்கு முன் இறக்கிக்கொள்ளுங்கள். சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்றால் முகம் மறப்பதற்குள் நேரில் கேளுங்கள்.

வங்கிக் கணக்கை எப்போது மூடுவது?

அட்வான்ஸ் வந்து சேர்ந்த பிறகு. அதுவரை திறந்தே இருக்கட்டும். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: வங்கிச் செயலிக்கு வருகிற ரகசிய எண் ஜெர்மன் சிம்முக்குப் போகும். சிம்மைத் தூக்கிப் போடும் முன் இந்திய எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். இங்கே உள்ள கணக்குக்கு நேரடியாக அனுப்பச் சொல்வதானால், ஐரோப்பாவில் கேட்கிற ஐபேன் என்ற சர்வதேசக் கணக்கு எண் நம் வங்கிகளுக்குக் கிடையாது, கணக்கு எண்ணோடு வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு தேவை. நம் ஊர்க் கிளைக்கென்று அந்தக் குறியீடு பெரும்பாலும் இருக்காது. வங்கி எந்தக் கிளையின் குறியீட்டைக் கொடுக்கச் சொல்கிறது என்று அப்பாவைப் போய்க் கேட்டுவரச் சொல்லுங்கள்.

விசாவுக்காக முடக்கிவைத்த கணக்கில் மிச்சம் இருந்தால், அதை விடுவிக்க என்னென்ன தாள் வேண்டும் என்று அந்த நிறுவனத்திடம் புறப்படும் முன்பே எழுதிக் கேட்டு வாங்குங்கள். அந்த ஊர் அயல்நாட்டவர் அலுவலகத்தின் முத்திரை வேண்டும் என்று சொன்னால், அதைத் திருநெல்வேலியில் இருந்து வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

அங்கே பார்ட் டைம் வேலை பார்த்தேன். சம்பளத்தில் வரி பிடித்தார்கள். திரும்ப வருமா?

வருவதற்கு வாய்ப்பு அதிகம். 2025-க்கு ஜெர்மனியில் வரியில்லாத அடிப்படை வருமானம் 12,096 யூரோ. மாணவர் சம்பளம் அந்த எல்லையைத் தொடுவதே அரிது. கணக்குத் தாக்கல் செய்ய நாலு வருஷம் அவகாசம் உண்டு, இங்கிருந்தே இணையத்தில் செய்யலாம். சம்பளச் சான்றையும் வரி அடையாள எண்ணையும் மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

மதிப்பெண் பட்டியல் எப்போது வரும்? 1.3 என்று போட்டிருந்தால் அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

பேராசிரியர்கள் திருத்தி முடிக்க வாரங்கள் ஆகும். பிப்ரவரியில் எழுதினால் ஏப்ரலில் பட்டியல் கையில் கிடைத்தாலும் ஆச்சரியமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் திட்டத்தில் போனவர்களுக்கு, முடிவு வெளியான ஐந்து வாரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. மின்னஞ்சலில் வரும் பிரதி நம் கல்லூரிக்குப் போதுமா, இல்லை முத்திரை வைத்த உறை தபாலில் வர வேண்டுமா என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் முன்பே கேட்டு வையுங்கள். வருகைச் சான்றிதழ் வேறு. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்று பரிமாற்ற அலுவலகம் கையெழுத்துப் போட்டுத் தருவது. அதை விமானம் ஏறுவதற்கு முன் கையோடு வாங்கிவிடுங்கள்.

அங்கே 1.0 என்றால் முதல் தரம், 4.0 என்றால் தப்பித்தோம், 5.0 என்றால் போச்சு. வாட்ஸ்அப்பில் வெறும் பட்டியலை அனுப்பினால் வீட்டில் சாப்பாடு இறங்காது. "ஏட்டி, பத்துக்கு ஒண்ணு புள்ளி மூணா?" என்று தொடங்கி, மாமா வரைக்கும் செய்தி போய், அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வருவார். தலைகீழ்க் கணக்கு என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு எண்ணைச் சொல்லுங்கள். கல்லூரியிலும் இதே குழப்பம் நடக்கும், ஆகவே பட்டியலின் பின்பக்கத்தில் இருக்கும் மதிப்பெண் விளக்கத்தையும் சேர்த்து நகல் எடுங்கள்.

கிரெடிட் கணக்கும் வேறுதான். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட், ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி நேரப் படிப்பு. நம் தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் ஒரு வருஷத்துக்கு 40, அதாவது செமஸ்டருக்கு 20. அங்கே 30 வாங்கினால் இங்கேயும் 30 எழுதிக்கொள்வார்கள் என்று கனவு காண வேண்டாம். எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்பது நீங்கள் போகும் முன் போட்ட படிப்பு ஒப்பந்தத்தில் இருக்கும். அங்கே போய்ப் பாடத்தை மாற்றியிருந்தால், மாற்றத்துக்கும் ரெண்டு பக்கமும் கையெழுத்து வேண்டும். இதில் மட்டும் சோம்பேறித்தனம் கூடாது, விட்டால் ஒரு செமஸ்டர் படித்ததற்குப் பதில் நாலு பாடம் மறுபடி எழுத வேண்டிவரும்.

ஜெர்மனி இல்லாமல் வேறு நாடு என்றால்?

பிரான்சில் வீட்டுப் பொருட்களோடு வாடகைக்கு எடுத்த அறைக்கு ஒரு மாத முன்னறிவிப்பு. அறை நல்ல நிலையில் இருந்தால் ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் தர வேண்டும், குறை இருந்தால் ரெண்டு மாதம் வரை. ஜப்பானில் நகராட்சியில் வெளியேறும் அறிவிப்புக் கொடுத்து, விமான நிலையத்தில் வசிப்பிட அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சிங்கப்பூரில் படிப்பு முடிந்த ஏழு நாளுக்குள் மாணவர் பாஸை ரத்து செய்ய வேண்டும். எந்த நாடானாலும் விசா முடியும் தேதிதான் கடைசிக் கோடு. பரீட்சை முடிந்ததும் ஊர் சுற்றும் திட்டம் இருந்தால், அந்தத் தேதியைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது?

குக்கர், போர்வை, அரிசி, மசாலா எல்லாவற்றையும் அடுத்து வருகிற நம்மவருக்கு விட்டுவிடுங்கள். நீங்கள் வந்தபோது உங்களுக்கும் யாரோ ஒருவர் விட்டுப்போன குக்கர்தானே கிடைத்தது. காலி பாட்டில்களைக் கடையில் கொண்டுபோய்ப் போட்டால் ஒன்றுக்கு 25 சென்ட் வரை வரும், கடைசி வாரத்து ரொட்டிக்கு ஆச்சு. கனமான குளிர்கால ஜாக்கெட்டை உடுத்திக்கொண்டே விமானம் ஏறுங்கள், பெட்டியில் ரெண்டு கிலோ மிச்சம். திருவனந்தபுரத்தில் இறங்கும்போது வேர்த்து ஒழுகும், அதற்கென்ன செய்ய. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

எடைக் கணக்கில் ஒரு பொறி: சர்வதேச டிக்கெட்டில் 23 கிலோ, சில சமயம் ரெண்டு பெட்டிகூட விடுவார்கள். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குத் தனி டிக்கெட் எடுத்திருந்தால் உள்நாட்டில் பெரும்பாலும் 15 கிலோதான். மிச்சத்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கவுண்டரில் கறந்துவிடுவார்கள்.

சாக்லேட் வாங்கத்தான் வேண்டும், தப்பிக்க முடியாது. ஜூலையில் வருகிறவர்கள் உள்ளே கிரீம் வைத்ததை விட்டுவிட்டுக் கட்டிச் சாக்லேட்டாக வாங்குங்கள், இல்லாவிட்டால் வள்ளியூர் வருவதற்குள் கூழாகும். யார் யாருக்கு என்று பட்டியலை அம்மாவிடமே கேளுங்கள். நாம் போட்டால் யாராவது ஒரு சித்தி விட்டுப்போய், அடுத்த கல்யாணத்தில் முகம் திருப்புவார்.

18 வயது தாண்டியவருக்கு ஒரு லேப்டாப் சுங்க வரியில்லாமல் வரும். சாராய வகை 2 லிட்டர் வரை விடுவார்கள். மாமா ரகசியமாகக் கேட்பார், அது உங்கள் பாடு. "வழியில துபாய்ல இறங்குவேல்லா, ஒரு செயின் வாங்கிட்டு வா" என்று யாராவது சொன்னால் மட்டும் கறாராக மறுத்துவிடுங்கள். நகைக்கான வரிச் சலுகை ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான். ஒரு செமஸ்டர்க்காரர்களுக்குக் கிடையாது.

எந்த விமான நிலையத்தில் இறங்குவது நல்லது?

தெற்கே உள்ளவர்களுக்கு, அதாவது வள்ளியூர், பணகுடி, ராதாபுரம், நாங்குநேரிக்காரர்களுக்கு திருவனந்தபுரம்தான். திருநெல்வேலிக்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டர். நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழி காற்றாலைகள் தெரிந்துவிட்டால் ஊர் வந்த மாதிரி. வளைகுடா வழியாக வருகிற விமானங்கள் நிறைய. தென்காசி, செங்கோட்டைக்காரர்களுக்கும் ஆரியங்காவு வழி இதுவே கிட்டம். தனியாக வருகிறீர்கள் என்றால் தம்பானூருக்குப் போய் நாகர்கோவில் பஸ், அங்கிருந்து திருநெல்வேலிக்கு நடுவில் நிற்காத எண்ட் டு எண்ட் பஸ். ரெண்டு பெரிய பெட்டியோடு அது சித்திரவதை, வீட்டிலிருந்து வண்டி வரச் சொல்லுங்கள். எப்படியும் வரத்தான் போகிறார்கள். வேன் பிடித்து ஆச்சி, அத்தை, பக்கத்து வீட்டுப் பையன் என்று எல்லோரும் வெளியே நிற்பார்கள்.

வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையம் திருநெல்வேலியிலிருந்து முப்பது கிலோமீட்டர்தான், 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாகிவிட்டது. ஆனால் சென்னையிலோ பெங்களூரிலோ இறங்கிக் குடியேற்றம், சுங்கம் முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி போட்டுவிட்டுத்தான் இந்த விமானம் ஏற முடியும். நடுவில் நாலு மணி நேரமாவது விடுங்கள். சென்னையிலிருந்து ரயில் என்றால் நெல்லை எக்ஸ்பிரஸ் அல்லது 2023 செப்டம்பரில் வந்த வந்தே பாரத். இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கும், திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். பொங்கல், தீபாவளி ஒட்டி வந்தால் அந்த ஆசையே வேண்டாம்.

வந்து ஒரு வாரமாகியும் ராத்திரி தூக்கம் வரவில்லை. சரியா இது?

சரிதான். அங்கே இரவு 12 மணி என்றால் பிப்ரவரியில் நமக்கு விடியக்காலை 4.30, ஜூலையில் 3.30. உடம்பு அந்தக் கணக்கில் ஓடுகிறது. காலையில் எழுந்து மொட்டை மாடியில் வெயில் படும்படி நில்லுங்கள், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் படுக்காதீர்கள். வீட்டில் "களைச்சு வந்திருக்கான், தூங்கட்டும்" என்று பாயை விரிப்பார்கள், ஏமாந்துவிடக் கூடாது. ஆடி மாதம் வந்து, தெருக்கோடியில் கோயில் கொடையும் நடந்தால் இந்த யோசனையெல்லாம் செல்லாது. விடிய விடிய வில்லுப்பாட்டும் குழாய் ஸ்பீக்கரும் ஓடும். எழுந்து போய் உட்கார்ந்து கேளுங்கள்.

வயிற்றையும் பாருங்கள். முதல் நாளே புரோட்டா சால்னா என்று இறங்கினால் மறுநாள் ஓஆர்எஸ்தான்.

"அதுக்குள்ள வந்துட்டியே, திருப்பி அனுப்பிட்டாவளா?" என்று கேட்கிறார்களே, என்ன பதில்?

எல்லோருக்கும் இது நடக்கும். நம் பக்கத்தில் வெளிநாடு என்றால் வளைகுடாவில் ரெண்டு வருஷ ஒப்பந்தம், இல்லை அமெரிக்காவில் ஒரேயடியாகக் குடியேற்றம். ஆறு மாதத்தில் பெட்டியோடு வந்து நின்றால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றுதான் தோன்றும். நீளமாக விளக்காதீர்கள். பரிமாற்றத் திட்டம், கிரெடிட் மாற்றம் என்று தொடங்கினால் சந்தேகம்தான் கூடும். "காலேஜ்ல இருந்து ஆறு மாசத்துக்குத்தான் அனுப்பினாங்க பெரியப்பா, படிப்பு முடிஞ்சுது, வந்துட்டேன்" என்று ஒரே வரியில் நிறுத்துங்கள். கல்லூரி அனுப்பியது என்ற சொல்லுக்கு மரியாதை அதிகம். அப்பா அம்மாவுக்கும் இதே வரியைச் சொல்லிக்கொடுங்கள், டீக்கடையில் பதில் சொல்ல வேண்டியவர் அப்பாதான்.

"எவ்வளவு சம்பாதிச்ச?" என்று அடுத்த கேள்வி வரும். சிரித்துவிட்டு விட்டுவிடலாம்.

வீட்டில் நாலே நாளில் எரிச்சல் வருகிறது. என்னிடம்தான் கோளாறா?

உங்களிடமும் இல்லை, வீட்டிலும் இல்லை. ஒரு செமஸ்டர் முழுக்க உங்கள் கதவைத் தட்டாமல் யாரும் உள்ளே வந்ததில்லை. இங்கே கதவு என்பது சாத்துவதற்கு வைத்ததே இல்லை. எங்கே போறே, எப்ப வருவே, சாப்பிட்டியா என்ற மூன்று கேள்விக்கும் தினம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கேள்விகளை எதிர்த்துச் சண்டை போடுவது வீண். என் யோசனை: காலையில் ஒரு மணி நேரத்தை உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளுங்கள், தாமிரபரணிக் கரைக்குப் போங்கள், மாவட்ட நூலகத்தில் போய் உட்காருங்கள். அதுபோக மிச்ச நேரம் வீட்டாருடையது. இன்னொன்று, "அங்கெல்லாம் இப்படி இல்ல" என்ற வாக்கியத்தை ஒரு மாதத்துக்கு வாய்க்கு வெளியே விடாதீர்கள். வண்ணார்பேட்டையில் சாலையைக் கடக்கும்போது அது தானாக வரும், அடக்குங்கள்.

சமைக்கக் கற்றுக்கொண்டு வந்தவர்கள் ஒரு நாள் அடுப்படியை வாங்கிச் சமைத்துக் காட்டுங்கள். ஆச்சி உப்பு பார்த்துவிட்டு ஏதாவது குறை சொல்வார். அதற்கப்புறம் பேச்சே மாறிவிடும், நீங்கள் சொல்கிற கதையையும் கேட்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் வந்தவர்களுக்குப் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் பயணம் இருக்கும். சொந்தமெல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதால் தனித்தனியாக இருபது வீடு ஏறி இறங்குகிற வேலை மிச்சம்.

கையில் மிஞ்சிய யூரோவை வைத்துக்கொள்ளலாமா?

நோட்டாக 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் திரும்பிய 180 நாளுக்குள் வங்கியிலோ அனுமதி பெற்ற பணமாற்றுக் கடையிலோ மாற்ற வேண்டும். சில்லறைக் காசை இங்கே யாரும் வாங்க மாட்டார்கள். விமான நிலையத்திலேயே காப்பி குடித்துத் தீர்த்துவிடுங்கள்.

இந்திய சிம் வேலை செய்யவில்லை. ஜிபே திறக்க மாட்டேன் என்கிறது.

ரீசார்ஜ் இல்லாமல் மூன்று மாதம் கிடந்தால் எண் போய்விடும், பிறகு வேறு ஆளுக்கும் கொடுத்துவிடுவார்கள். வங்கி, ஆதார் எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கும். ஆகவே வெளிநாட்டில் இருக்கும்போதே வீட்டில் யாராவது ரீசார்ஜ் செய்துகொண்டிருக்க வேண்டும். எண் உயிரோடு இருந்தால் சிம்மைப் போட்டு மறுபடி பதிவு செய்தால் போதும்.

மேற்படிப்புக்கு அதே ஊருக்குத் திரும்பப் போக ஆசை. இப்போதே என்ன செய்யலாம்?

நல்ல ஆசை, ஆனால் முதலில் இங்கே உள்ள பட்டம் முடியட்டும். ஜெர்மனி மாணவர் விசாவுக்கு இந்தியர்கள், படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது 2022 நவம்பரிலிருந்து விதி. கட்டணம் 18,000 ரூபாய். அதற்கு நம் பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் வேண்டும், பரிமாற்றச் செமஸ்டரில் ஓட்டை இருந்தால் அங்கேயும் கேள்வி வரும். அதனால் கிரெடிட் மாற்றம் முடிந்து, புதிய பட்டியல் உங்கள் கையில் வரும்வரை தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகப் பக்கம் வாரம் ஒருமுறையாவது தலைகாட்டுங்கள். திங்கட்கிழமை கூட்டமாக இருக்கும், செவ்வாய், புதன் பரவாயில்லை. விண்ணப்பத்தில் ஒரு நகலில் "பெற்றுக்கொண்டோம்" என்று முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.